ஆடத் தெரியாதவன் அலமாரி

வாடே பேராண்டி, உக்காரு. அந்த முக்காலி வேண்டாம். அது நான் செஞ்சது, ஆடாது. ஆடாத சாமான்ல உக்காந்த பழக்கம் உனக்கு விட்டுப் போயிருக்கும். கீழ உக்காரு. இன்னும் கொஞ்சம் தள்ளி. நீ செஞ்ச அலமாரி உம்மேல சாஞ்சுதுன்னா உங்க அம்மைக்கு யாரு பதில் சொல்லுதது?

பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. வீட்டுல இருந்தே பாக்கலாம்னு சொன்னாங்கன்னு ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வந்த மறுநாளே ஒரு வார்த்தை சொன்ன பாரு: "தாத்தா, தச்சு வேலை நம்ம ரத்தத்துல இருக்கு." எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆச்சிட்டச் சொல்லி உனக்குத் திருஷ்டி கழிக்கச் சொன்னேன். அதுக்கப்புறம்லா பார்சல் வர ஆரம்பிச்சுது. கரண்டுல ஓடுத ரம்பம். கரண்டுல ஓடுத இழைப்புளி. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, முழங்காலுக்கு மெத்தை. பார்சல் கொண்டாந்த பையன் என்னையத் தனியாக் கூப்பிட்டு, "தாத்தா, பாக்டரி வைக்கப் போறீங்களா"ன்னு கேட்டான். காதுல ஒரு பென்சிலு, இடுப்புல ஒரு வேட்டி, அதோட ஊரு முழுக்கக் கதவு மாட்டினவன் நான். என்னத்தச் சொல்ல? "பேரனுக்கு ரத்தத்துல இருக்குப்பா"ன்னேன்.

ஒருவழியா அலமாரி எந்திரிச்சு நின்னுது. 6 அடி உயரம், 3 அடி அகலம், அஞ்சு தட்டு. நின்னுதுன்னு சொன்னது மரியாதைக்கு. கல்யாண வீட்டுல விடிய விடியச் சீட்டாடிட்டு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஒரு தோளத் தாழ்த்திக்கிட்டு நின்னுது. தொட்டா ஆடுது. நீ சுத்திச் சுத்தி வந்த. முதல்ல மரம் சரியில்லன்ன. அப்புறம் பசை சரியில்லன்ன. கடைசியில குதிகாலால தரையத் தட்டிப் பாத்துட்டு, "தாத்தா, இந்தக் கூடமே கோணல்"னு சொன்ன பாரு, அடுக்களையில உங்க ஆச்சி சிரிச்ச சிரிப்பு உனக்குக் கேட்டுதோ என்னமோ. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தப் பழமொழியப் பொறந்ததுல இருந்து கேட்டுட்டு வாறேன். ஒருத்தன் அத வார்த்தை மாறாம என் கண்ணு முன்னால சொல்லிப் பாத்தது அன்னைக்குத்தான்.

"மூலமட்டம் வச்சுப் பாத்தியாடே"ன்னு கேட்டேன். ஒரு டப்பாவத் தொறந்து காட்டுன. உள்ள வெல்வெட்டுத் துணி. அதுக்கு நடுவுல மூலமட்டம் படுத்திருக்கு, நிச்சயதார்த்தத்துக்குக் கொண்டு போற நகை மாதிரி. எஃகு அலகு, கறுப்பு மரத்துல பிடி, மூணு பித்தளை ஆணி. கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துது. "இது சரியா இருக்கா?"ன்னேன். "புதுசு தாத்தா"ன்ன. மாடு பால் கறக்குமான்னு கேட்டா, கொம்பு எம்புட்டு அழகு பாருங்கன்னானாம். நான் அதோட வயசக் கேக்கல ராசா.

இந்த மட்டம்ங்கற சொல்லு இருக்கே, அத மாதிரி பாவப்பட்ட சொல்லு தமிழ்ல கிடையாது. சாமான் ஒழுங்கா நின்னா அது மட்டம். தரங்கெட்ட சாமானும் மட்டம். பள்ளிக்கூடம் போகாம ஆத்தங்கரையில சுத்துனா அது மட்டம் போடுதது. அடுத்தவன இளக்காரமாப் பேசுனா மட்டந்தட்டுதது. இதுல நீ மூணப் பண்ணிட்ட. மட்டமா அலமாரி செஞ்ச, ஆபீசுக்கு மட்டம் போட்டுட்டுச் செஞ்ச, என் கூடத்த மட்டந்தட்டுன. பாக்கி இருக்கது முதல் மட்டம் ஒண்ணுதான். அத இன்னைக்குப் பாத்துருவோம்.

எடு அந்த டப்பாவ. ஒரு பிளைவுட் துண்டு கொண்டா. மில்லுல அறுத்த ஓரமாப் பாத்துக் கொண்டா, நீ அறுத்த ஓரம் வேண்டாம். பென்சிலக் காதுலயே வையி. பென்சில் கோடு வரப்பு மாதிரி, அதுல நண்டு குடித்தனம் பண்ணலாம். கத்தி எடு, முனை கூரா இருக்கட்டும். இப்ப பிடிய அந்த ஓரத்துல ஒட்டி வையி. பிடி உனக்கு இடப்பக்கம் இருக்கணும், அலகு பலகை மேல படுத்திருக்கணும். அலகோட வெளி ஓரத்துல கத்திய வச்சு அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரு கீறல். ஒரே கீறல், கீரை அரியிற மாதிரி நாலு தடவை இழுக்காத. ஆச்சா? இப்ப மட்டத்தத் தோசை மாதிரித் திருப்பிப் போடு. பிடி வலப்பக்கம் வந்துட்டுல்லா? கோட்டோட அடியில அலகச் சேத்து வச்சு இன்னொரு கீறல் போடு.

ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா மட்டம் சரி. அடியில சேந்து மேல விரிஞ்சா மட்டம் பொய் சொல்லுது. உன்னது விரிஞ்சுது. 8 அங்குல உயரத்துல 1 மில்லிமீட்டர். "இம்புட்டுதானே தாத்தா"ன்னு நீ மூஞ்சியத் தூக்குன. கேளு. திருப்பிப் போட்டதால தப்பு ரெண்டு மடங்காத் தெரியுது. நிசமான தப்பு அதுல பாதி, அரை மில்லிமீட்டர். ஒரு பாகையில ஏழுல ஒரு பங்குதான் வரும். அதுவும் சின்னதுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா உன் அலமாரி 8 அங்குலமா? 72 அங்குலம். ஒம்பது மடங்கு. மேல போகப் போக அந்த அரை மில்லிமீட்டர் நாலரை மில்லிமீட்டராப் போயி நிக்கும். இது ஒரு மூலையோட கணக்கு. உன்னுது அஞ்சு தட்டு, ஒரு தட்டுக்கு ரெண்டு முனை. எல்லா முனையும் ஒரே பக்கமாப் பொய் சொன்னாலாவது அலமாரி ஒழுங்காச் சாஞ்சு நிக்கும். ஒண்ணு கிழக்கங்கும், ஒண்ணு மேற்கங்கும். பங்காளி வழக்கு கணக்கா ஆயிப்போகும்.

இந்தச் சோதனையில எனக்குப் பிடிச்சது என்னன்னா, இதுக்கு இன்னொரு நல்ல மட்டம் வேண்டாம். பெரிய மனுசன் வேண்டாம், சாட்சி வேண்டாம். ஒரு நேரான ஓரம், ஒரு கத்தி, அம்புட்டுதான். மட்டமே தன் தப்ப எழுதிக் குடுத்துரும், அதுவும் ரெட்டிப்பா. நம்ம ஊர்ல வேற யாரு தன் தப்ப ரெட்டிப்பாச் சொல்லி நீ கேட்டிருக்க?

"திருப்பி அனுப்பிருதேன் தாத்தா, ஒரு நட்சத்திரம் போட்டுக் கிழிச்சிருதேன்"ன்ன. கிழி. ஆனா அடுத்து வாறதும் டப்பாவுலதான் வரும், அதையும் புதுசும்ப. அதுக்கு நீயே ஒண்ணு செஞ்சுக்கோ. காசு கிடையாது. மாட்டுக்கொட்டாய் மூலையில ஒரு பழைய சன்னல் சட்டம் சாத்திக் கிடக்குல்லா, தேக்கு, அதுல இருந்து எடுத்துக்கோ. பழசுன்னு மூஞ்சியச் சுளிக்காத. அறுபது வருசமா வெயிலு, காத்து எல்லாம் பாத்து ஆடி அடங்கின மரம். மரக்கடையில ஈரம் காயாத மரத்த வாங்கி மட்டம் செஞ்சன்னா மூணு மாசத்துல முறுக்கிக்கிட்டு மாமியா வீட்டுக்கு வந்த மருமகனாட்டம் நிக்கும். ரேகை நேரா ஓடுத இடமாப் பாத்து அறு. முதல்ல ஆணியப் புடுங்கு. உன் கரண்டு ரம்பம் துரு ஆணியில பட்டுதுன்னா தீபாவளிதான்.

அளவு சொல்லுதேன், போன்ல குறிச்சுக்கோ. எல்லாமே கால் அங்குலத் தடிமன். அலகு 10 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம். பிடிக்கு ரெண்டு பட்டை, 6 அங்குல நீளம், 2 அங்குல அகலம். இன்னொரு பட்டை அதே அகலம், நீளம் மட்டும் நாலரை அங்குலம். ஏன் நாலரைன்னு கேளு. கேக்க மாட்ட, நானே சொல்லுதேன். ஆறுல இருந்து அலகோட அகலம் ஒன்றரையக் கழிச்சுப் பாரு. குட்டைப் பட்டைய நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் நெட்டைப் பட்டைய ஒட்டுனா, தலைப்பக்கம் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வாய் தொறந்து நிக்கும். அந்த வாய்க்குள்ள அலகோட 2 அங்குலம் போகும், மிச்ச 8 வெளிய நிக்கும். நாங்க ஒரே கட்டையில வாளு போட்டுப் பிளந்து, உளி வச்சுச் சுத்தம் பண்ணி அந்த வாயத் தொறப்போம். நீயும் அப்படிச் செஞ்சாப் பாக்கணும்னு எனக்கு ஆசைதான். ஆனா உன் பத்து விரலும் உங்க அம்மைக்கு வேணும்.

ஒட்டுததுக்கு முன்னால ஓரத்தைப் பாத்துக்கோ. அலகோட ரெண்டு ஓரமும் நேரா இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல அகலம் எங்க அளந்தாலும் ஒண்ணா இருக்கணும். பிடியோட உள் ஓரம், அதாவது பலகையில முட்டுத ஓரம், அது இம்மி பிசகக் கூடாது. எப்படிப் பாக்க? ரெண்டு பட்டைய ஓரத்தோட ஓரம் சேத்து வெளிச்சத்துக்கு நேராப் பிடி. நடுவுல வெளிச்சம் ஒழுகுனா ஒரு சீவு சீவு. ஒழுகலையா, ஒண்ண மட்டும் முனை மாத்திப் பிடிச்சு மறுபடியும் பாரு. ஒண்ணோட மேடு இன்னொண்ணோட பள்ளத்துல போயி உக்காந்துக்கிட்டு ரெண்டும் நல்லவன் மாதிரி நடிக்கும். முனைய மாத்தியும் தெரியலன்னா மூணாவது பட்டையோட சேத்துப் பாரு, வண்டவாளம் தெரிஞ்சிரும்.

பசைக்கு வருவோம். எங்க காலத்துல வச்சிரம். தோலக் காய்ச்சுன பசை. அத அடுப்புல வச்சாத் தெருவே மூக்கப் பொத்திக்கிடும். ஆச்சி கல்யாணம் ஆகி வந்த புதுசுல அந்த வாடைக்கே அவ அம்மை வீட்டுக்குப் போயிருதேன்னா. உனக்கு டப்பாவுல வெள்ளைப் பசை இருக்கு, பூசிக்கோ. தேக்கு எண்ணெய் உள்ள மரம், பசை ஒட்டாம வழுக்கும். உப்புத்தாள் போட்டு ஒரு தேய் தேச்சு, தின்னர்ல நனைச்ச துணியால தொடச்சிட்டு, உடனே பூசு. மத்தியானம் தொடச்சிட்டு சாயங்காலம் பூசுனா எண்ணெய் திரும்ப மேல வந்துரும்.

பசை ஈரமா இருக்கும்போதே அந்தப் பிளைவுட்டுல வச்சு நான் சொன்ன திருப்பாட்டத்த ஆடிப் பாரு. சாய்ஞ்சிருந்தா அலகோட நுனிய விரலால ஒரு தட்டு. பாத்து, நெத்தியில ஈ உக்காந்தாத் தட்டுத மாதிரி. சரியா வந்ததும் மேல பாரம் ஏத்து. ஆச்சியோட அம்மிக்குழவி அதுக்குன்னே பொறந்தது. கேட்டுட்டு எடு. கேக்காம எடுத்தன்னா மட்டம் நேரா வரும், சோறு வராது. இன்னொண்ணு, இத மறந்துராத. பிடியும் அலகும் சேருத உள் மூலையில பசை பிதுங்கி நிக்கும். ஒரு ஈர்க்கக் கிள்ளி அத வழிச்சிரு. அது காஞ்சு கட்டியாச்சுன்னா, மட்டத்தப் பலகையில வைக்கும்போதெல்லாம் அந்தக் கட்டி முட்டி மட்டத்தத் தூக்கிவிடும். கடுகு அளவு கட்டிதான். நீ வாசக்கால் பூரா அளந்து முடிச்சப்புறம்தான் அது இருக்கதே தெரியும்.

மறுநாள் காலையில குழவிய எடுத்துட்டு, சேந்த இடத்துல ரெண்டு ஓட்டை போட்டு மூங்கில் ஆணி அடிச்சிரு. அப்புறம் திரும்பவும் கோடு. இந்தத் தடவை மயிரிழை விரிஞ்சிருந்தாலும் விடாத. பிடி இடப்பக்கம் இருந்தப்ப போட்ட கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாரு. வலப்பக்கம் சாஞ்சா அலகு பிடிய விட்டு வெளிய சாஞ்சிருக்கு. வெளி ஓரத்துல நுனிப்பக்கமாச் சீவணும். இடப்பக்கம் சாஞ்சா அலகு பிடிப்பக்கம் குனிஞ்சிருக்கு, அடிப்பக்கமாச் சீவணும். இழைப்புளிய எடுத்துட்டுப் பாயாத. உப்புத்தாள ஒரு கண்ணாடித் துண்டு மேல ஒட்டி, அதுல நாலு தேய், ஒரு கோடு, நாலு தேய், ஒரு கோடு. வெளி ஓரம் முடிஞ்சதும் உள் ஓரத்தையும் அதே மாதிரி பாத்துரு. பொறுமை இல்லன்னா ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்துக்கிட்டுத் தேயி. அங்க நீ பேசி நான் கேட்டதே இல்ல, தலைய மட்டும்தான் ஆட்டுத.

அந்தச் சன்னல் சட்டம் ஏன் அறுபது வருசமா மாட்டுக்கொட்டாய்ல கிடக்குன்னு நீ கேக்கவே இல்ல பாத்தியா.

எனக்கு அப்பப் பதினாறு வயசு. எங்கய்யாட்ட ஒரு மூலமட்டம் இருந்துது. வேங்கையில பிடி, கை பட்டுப் பட்டுக் கறுத்துக் கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு வீட்டுக்கு நாலு சன்னல் சட்டம் செய்ய எடுத்திருந்தோம். நான் சாரத்து மேல நின்னு அளந்துட்டு இருந்தப்ப மட்டம் கையில இருந்து நழுவிக் கீழ விழுந்துட்டு. குதிச்சு இறங்கி எடுத்துப் பாத்தேன். உடையல. வேட்டியில தொடச்சு வச்சுட்டேன். யாரும் பாக்கல. அதே மட்டத்த வச்சு ரெண்டு நாளா நாலு சட்டத்துக்கும் கோடு போட்டேன், அறுத்தேன். மூணாம் நாளு சேத்துப் பாத்தா ஒண்ணு கூட மூலைக்கு நிக்கல. எங்கய்யா என்னையப் பாத்தாரு. நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்க? "மரம் முறுக்கிட்டு ஐயா"ன்னேன். ரத்தத்துல இருக்குன்னு நீ சொன்னது பொய்யே இல்லடே.

எங்கய்யா வாயத் தொறக்கல. ஒரு பலகைய எடுத்தாரு, ஒரு கோடு கீறினாரு, மட்டத்தத் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு கீறினாரு, பலகையச் சுவத்துல சாத்திட்டுக் குளிக்கப் போயிட்டாரு. ராத்திரி சாப்பிட உக்காந்தேன். என் வட்டிலுக்குப் பக்கத்துல அந்தப் பலகை. மறுநாளும் வட்டிலுக்குப் பக்கத்துல அந்தப் பலகை. எங்கம்மை அதச் சுத்தித்தான் குழம்பு ஊத்துனா. நாலு நாளு. அஞ்சாம் நாளு எனக்குச் சோறு இறங்கல. "கீழ விழுந்துட்டு ஐயா"ன்னேன். "தெரியும். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுது"ன்னாரு. அம்புட்டுதான் பேச்சு. வீட்டுக்காரருக்குப் புது மரம் எங்கய்யா கைக்காசுல வாங்கிக் குடுத்தாரு. மூணு சட்டத்தச் சின்னதா அறுத்து வேற வேலைக்குப் போட்டோம். நாலாவத மட்டும் யாரையும் தொட விடல. நீ அத இன்னைக்கு அறுத்துக்கோ. எனக்கும் அதப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துட்டு.

போன வாரம் உன் தங்கச்சி போன்ல ஒரு படம் காட்டுனா. எகிப்துல சென்னெட்ஜெம்னு ஒருத்தர், ராசாமாருக்குக் கல்லறை கட்டுன கூட்டத்தச் சேந்தவராம். 3,200 வருசத்துக்கு மேல ஆச்சு. 1886-ல அவரு சமாதியத் தொறந்துருக்காங்க. உள்ள பாத்தா மரத்துல ஒரு மூலமட்டம், குண்டு கட்டித் தொங்கவிட்ட மட்டப்பலகை. செத்து மேல போகும்போதும் மூலமட்டத்த எடுத்துட்டுப் போயிருக்காரு மனுசன். நீ பெங்களூர்ல இருந்து வரும்போது சார்ஜர எடுத்துட்டு வந்த. அதையும் ரயில்ல விட்டுட்ட.

ஆங், போன்னதும் ஞாபகம் வருது. நீ ஒரு பாட்டு அனுப்பியிருந்த. போதையனார் பாடினதுன்னு போட்டு, பிதாகரசுக்கு முன்னாடியே தமிழன் கண்டுபிடிச்சான், பகிரவும்னு. பாட்டு எந்தக் காலத்தது, யாரு பாடினதுன்னு சண்டை போட நான் பண்டிதன் இல்ல. கணக்கத்தான் போட்டுப் பாத்தேன். நீளத்த எட்டாப் பங்கு போட்டு ஒரு பங்கத் தள்ளிட்டு, உயரத்துல பாதியச் சேத்தா மூலைக்கு மூலை அளவு வந்துரும்னு சொல்லுது. 4-க்கும் 3-க்கும் போட்டா 5 வருது, சபாஷ். 12-க்கும் 5-க்கும் போட்டா 13 வருது, அதுவும் சபாஷ். உன் அலமாரிக்குப் போட்டேன், 6 அடியும் 3 அடியும். பாட்டு 6 அடி 9 அங்குலங்கு. அலமாரி மூலைக்கு நின்னா டேப்பு 6 அடி எட்டரைங்கும். அரை அங்குலம் கூடுதல். 4 அடிக்கு 4 அடி சதுரம் எடுத்தா ரெண்டு அங்குலத்துக்குக் கிட்டக் குறையுது. வர்க்கம், வர்க்கமூலம்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்த வழிதான் எல்லா அளவுக்கும் நிக்கும். பகிருததுக்கு முன்னால ஒரு தடவை அளந்துக்கோ.

அதுக்காக 3, 4, 5-அ விட்டுராத. வீட்டுக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் கயிறக் கட்டி ஒரு பக்கம் 3 அடி, ஒரு பக்கம் 4 அடி குறிச்சு, குறுக்க 5 அடி வருதான்னு பாக்காருல்லா, அதேதான். பெரிய சாமானுக்கு 6, 8, 10. உன் கை மட்டம் 8 அங்குலத்துக்குத்தான் சத்தியம் பண்ணும், அதுக்கு மேல அத நம்பி இழுக்காத. அலமாரியச் சேத்தப்புறம் மூலைக்கு மூலை டேப்பு பிடி, ரெண்டு குறுக்கும் ஒண்ணா இருக்கணும். நீ முதல்ல பண்ணுனதுல ஒரு குறுக்கு இன்னொண்ண விட முக்கால் அங்குலம் நீளம். நீ காப்பி குடிக்கப் போனப்ப அளந்து பாத்தேன்.

செஞ்ச மட்டத்த எப்படி வச்சுக்கிடணும்னும் கேட்டுக்கோ. தேன்மெழுகு கொஞ்சம் தேச்சு, ஆணியில தொங்கப் போடு. தரையில போடாத, யாராவது மிதிப்பாங்க. ஐப்பசி அடைமழையில கதவெல்லாம் இறுகிக்கிடுதுல்லா, மரம் அகலவாக்குல ஊதும், நீளவாக்குல அநேகமா அசையாது. உன் மட்டத்துல அலகும் பிடியும் குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருக்கு, ஒண்ணு ஊதும்போது இன்னொண்ணு இழுத்துப் பிடிக்கும். அதனால மழை முடிஞ்சதும் ஒரு தடவை, பங்குனி வெயில்ல ஒரு தடவை கோடு போட்டுப் பாரு. கையில இருந்து விழுந்துதுன்னா அன்னைக்கே பாரு. இரவல் குடுக்காத. அடுத்த தெரு உன் சேக்காளி ஒருத்தன் பெயிண்டு டப்பாவக் கிண்ட எதையாவது தேடிட்டு அலையுதான்.

சரி, வெயில் ஏறுதுக்குள்ள எந்திரி. அலமாரியக் கழட்டி ஒவ்வொரு முனையா மட்டம் பிடிச்சுத் திரும்ப அறு. அஞ்சு தட்டும் அரை அங்குலம் குறையும். குறைஞ்சா என்ன, நீ வாங்குத புத்தகத்தப் படிக்கவா போற?

போறதுக்கு முன்னால கதவ ஒருக்களிச்சுச் சாத்து, ஒண்ணு சொல்லணும். ஆச்சி காதுல விழக்கூடாது. கூடம் கோணல்தாண்டே. மேற்கு மூலையில அரை அங்குலம் இறக்கம். அலமாரிய முழுசாச் சரியாச் செஞ்சு நிறுத்துனாலும் அந்த மூலையில ஒரு ஆப்பு குடுக்கணும். தரை போட்டது உங்க ஆச்சியோட அண்ணன். 46 வருசமா நான் வாயத் தொறந்ததில்ல. இந்தக் கூடத்துக்கு நான் நாலு காலு வச்சு ஒண்ணும் செய்யாம இந்த முக்காலிய ஏன் செஞ்சேன்னு நினைச்ச? மூணு காலு எந்தத் தரையிலயும் ஆடாது.